கட்டைக்குள் நிற்கும் கன்று

இயந்திரப் பெட்டிகளின் அடியில் பூட்டப்பட்டு வரும் கட்டைகளை யாரும் மரம் என்று மதிப்பதில்லை. கோவையின் பட்டறைகளுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு லேத்தோ கம்ப்ரசரோ வந்து இறங்கும்போது, அதன் எடை முழுவதையும் கடல்வழி நெடுகத் தாங்கி வந்தது அந்த அடிக்கட்டைதான் என்றாலும், பெட்டியைப் பிரித்ததும் அது ஆணிகளோடும் இரும்புப் பட்டை அழுத்திய தழும்புகளோடும் பழைய மரக்கடைக்கு எடைக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து சென்ட்ரிங் வேலைக்கு முட்டுக் கொடுக்கவோ, அடுப்புக்கோ, மலிவான கட்டில் செய்கிறவரின் பட்டறைக்கோ போகும். தேக்கையும் வேங்கையையும் தடவிப் பார்த்து வாங்குகிறவர்கள்கூடப் பெட்டி மரத்தைக் காலால் புரட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். செதுக்குவதற்கென்று நான் எடுத்து வந்த கட்டையும் அப்படிப் புரட்டிப் போடப்பட்டிருந்த ஒன்றுதான். நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலம், நான்கடிக்குச் சற்றுக் குறைந்த நீளம், ஒரு முகத்தில் கறுத்த எண்ணெய்க் கறை.

இன்னொரு முகத்தில் ஒரு முத்திரை இருந்தது. கோதுமைக் கதிர்ச் சின்னம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், ஓர் எண், கடைசியில் ‘எச்.டி.’ என்ற குறி. நாடு விட்டு நாடு போகும் பெட்டி மரங்களுக்கென்று 2002இல் வகுக்கப்பட்ட பன்னாட்டு விதியின் முத்திரை அது. மரத்தின் நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் ஏறி, அது தொடர்ந்து 30 நிமிடம் நின்றிருக்க வேண்டும் என்பது ‘எச்.டி.’யின் பொருள், மரத்தைத் துளைக்கும் வண்டுகளும் நூற்புழுக்களும் பெட்டியேறி இன்னொரு கண்டத்துக் காட்டுக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. என் கட்டை ஜெர்மனியைச் சொன்னது. அதுவும் சூடேற்றி முத்திரையிட்ட நாடுதானே ஒழிய, மரம் வளர்ந்த நாடு அதுதான் என்பதற்கு உறுதி இல்லை. நம் கடைகளில் வெளுத்த ஊசியிலை மரம் எதுவானாலும் பைன் என்றுதான் பெயர். இழைப்புளி பட்டதும் எழுந்த பிசின் மணத்தை நம்பி நானும் அதைப் பைன் என்றே வைத்துக்கொண்டேன்.

அந்தக் கட்டையை எடுக்க வைத்தது அதன் வெட்டுமுகம். நான்கு அங்குலச் சதுரத்தின் ஏறத்தாழ நட்ட நடுவில், பென்சில் முனை அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது. அதைச் சுற்றி வளையங்கள் முழு வட்டமாக விரிந்து, வெளியே போகப் போகச் சதுரத்தின் ஓரங்களில் முட்டி அறுபட்டிருந்தன. மரத்தின் உயிர் தொடங்கிய மையப்புள்ளி அது. பெரிய மரத்திலிருந்து அறுத்த பலகையில் இந்தப் புள்ளி இருக்காது. மில்லில் அதை வேண்டுமென்றே ஒதுக்கி அறுப்பார்கள். சிறு மரத்தைச் சதுரித்து எடுக்கும் அடிக்கட்டைகளில் மட்டும் மையம் உள்ளேயே மாட்டிக்கொண்டு வரும். இந்த ஒரு காரணத்துக்காக, பெட்டிக் கட்டைகளைக் கண்டால் வெட்டுமுகத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சில காலமாகவே இருந்தது. அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர் இத்தாலியச் சிற்பி ஜுசெப்பே பெனோனே.

பெனோனே 1947இல் வட இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், மலைகளுக்கு நடுவே உள்ள கரெஸ்ஸியோ என்ற சிற்றூரில் பிறந்தவர். தூரின் நகரத்துக்குக் கலை படிக்கப் போன அவர், நகரத்தின் கலைக்கூடங்களில் இடம் தேடுவதற்கு முன்னால் 1968இல் தன் ஊர்க் காட்டுக்கே திரும்பிப் போய், ஓர் இளமரத்தைப் பற்றிக்கொண்டிருக்கும் தன் கையை உலோகத்தில் வார்த்து அம்மரத்திலேயே பொருத்தினார். அந்தப் பிடி இருக்கும் இடத்தைத் தவிர மற்ற இடங்களிலெல்லாம் மரம் வளர்ந்துகொண்டே போகும் என்பதுதான் அந்த வேலையின் பொருளும் தலைப்பும். மலிவான, அன்றாடப் பொருள்களைக் கொண்டு வேலை செய்த இளம் கலைஞர்களை ‘ஆர்ட்டே பொவெரா’ (ஏழ்மைக் கலை) என்ற பெயரின் கீழ் ஜெர்மானோ செலாந்த் என்ற விமர்சகர் 1967இல் ஒன்றுசேர்த்திருந்தார். பெனோனே அந்தக் கூட்டத்தின் மிக இளையவர்களில் ஒருவர். 1969இல் அவர் செய்த வேலை எளிமையானது, ஆனால் அதுவரை யாரும் செய்யத் துணியாதது. கட்டட வேலைக்காக மில்லில் அறுத்துச் சதுரித்த ஓர் உத்தரத்தை எடுத்துக்கொண்டார். அதன் வளையங்களில் ஒன்றைத் தேர்ந்தார். அந்த ஒரே வளையத்தை உத்தரத்தின் நீளம் முழுவதும் விடாமல் பின்தொடர்ந்து, அதற்கு வெளியே இருந்த மரம் முழுவதையும் செதுக்கி அகற்றினார். கணு வந்த இடங்களில் கணுவை வெட்டாமல் சுற்றி ஒதுங்கினார். முடிவில், உத்தரத்துக்குள்ளிருந்து கிளைக்குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய கன்று ஒன்று வெளியே வந்தது. அந்த வேலையின் நீண்ட தலைப்பில் இருபத்திரண்டாம் வயது என்ற சொற்கள் வருகின்றன. பெனோனேவுக்கும் அப்போது வயது 22.

அதற்குப் பிறகு அவர் இதைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பச் செய்தார். லண்டனின் டேட் காட்சியகத்தில் இருக்கும் ‘12 மீட்டர் மரம்’ 1980க்கும் 1982க்கும் இடையே, அமெரிக்க லார்ச் மர உத்தரத்திலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டு துண்டுகளாக அது நிற்கிறது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம், அடியில் சிறிது தூரத்துக்கு அவர் உத்தரத்தைத் தொடாமல் விட்டுவிடுவது. அந்தச் சதுரமான அடிப்பகுதி சிற்பத்துக்குப் பீடமாகிறது. அதோடு, இந்தக் கன்று எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றாகவும் நிற்கிறது. வாளறுத்த தழும்போடு நேர்கோட்டில் ஏறி வரும் மூலை ஒன்று சட்டென்று உருண்டு, வளைந்து, ஒரு தண்டின் முதுகாக மாறும் இடத்தை நிழற்படத்தில் பார்த்தால்கூட நம்பச் சற்று நேரம் ஆகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதற்குக் கணுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணு என்பது மரத்தின் நோய் அன்று. தண்டு விழுங்கிய கிளையின் அடி. எந்தக் கிளையும் மையப்புள்ளியிலிருந்துதான் புறப்படுகிறது. தண்டு ஆண்டுக்கு ஒரு வளையம் பருக்கும்போது, கிளையும் தன் பங்குக்கு ஒரு வளையம் பருக்கிறது. இரண்டும் ஒரே உறையாக இணைந்து வளரும். ஆகவே கணு உள்ளே கூராகவும் வெளியே அகன்றும் கூம்பு வடிவில் படுத்திருக்கும். நிழல் விழுந்து அந்தக் கிளை செத்துப்போனால், அன்றிலிருந்து தண்டு மட்டும் பருத்து, செத்த கட்டையை அதன் பட்டையோடு சேர்த்து மூடிக்கொண்டு போகும். உயிரோடு இருந்த காலத்தின் கணு மரத்தோடு இறுகியிருக்கும். செத்த பிறகு மூடப்பட்ட பகுதியின் கணு, பலகை காய்ந்ததும் கழன்று விழுந்து ஓட்டையாகிவிடும். பலகையில் கணுவைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அது செத்த கிளை. அந்தக் கிளைமுனையும் ஒடிந்து விழுந்து, மேலே புது மரம் மூடிவிட்ட பிறகு வளரும் வளையங்களில் கணுவே இருக்காது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. மரத்தின் வெளிப்பகுதி சுத்தமாக இருக்கும். உள்ளே போகப் போகக் கணு பெருகும். மரத்துக்கு இளமையில் தரையிலிருந்தே கிளைகள் இருந்தன, பிறகுதான் அவை உதிர்ந்தன. கணுவே இல்லாத பலகை என்று கூடுதல் விலை கொடுத்து நாம் வாங்குவது, கிளைகளை எல்லாம் மறந்துவிட்ட முதிய மரத்தின் புற உடம்பை. கணு நிறைந்து மலிவாகக் கிடப்பதோ அதன் சிறுவயது. மையத்தை ஒட்டிய முதல் பத்துப் பதினைந்து வளையங்களின் மரம் வலிமையிலும் குறைந்தது, காயும்போது முறுக்கிக்கொள்வது, வெடிப்பது. தச்சர்கள் அதை ஒதுக்குவதில் தவறு ஏதும் இல்லை. கதவுக்கும் மேசைக்கும் அது ஆகாது. ஆனால் ஒரு மரத்தின் கதை எங்கே செறிந்து கிடக்கிறது என்று பார்த்தால், சந்தை எந்தப் பகுதியைத் தள்ளுகிறதோ அந்தப் பகுதியில்தான். கணுவற்ற நல்ல பலகையை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அழகான ரேகைக்கு மேல் அதிலிருந்து எதையும் படிக்க முடியாது. பெட்டிக் கட்டையின் ஒரு கணுவைக் கொண்டு, அந்தக் கிளை எந்த ஆண்டு கிளம்பியது, எத்தனை ஆண்டு உயிரோடு இருந்தது என்பது வரை எண்ணிச் சொல்லிவிடலாம்.

பளிங்குப் பாறைக்குள் உருவம் முன்பே இருக்கிறது, சிற்பி அதை விடுவிக்க மட்டுமே செய்கிறான் என்று ஒரு பழைய பேச்சு மைக்கலாஞ்சலோவின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெனோனேவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை உடனே எடுத்து வைத்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒப்பீட்டில் உடன்பாடு இல்லை. பளிங்குக்குள் மைக்கலாஞ்சலோ செதுக்கிய தாவீது இல்லை. சிற்பியின் மனத்தில்தான் இருந்தான். வேறொரு சிற்பி அதே பாறையில் வேறொருவனைக் கண்டிருப்பான். உத்தரத்துக்குள் இருக்கும் கன்று கற்பனை அன்று. அது ஒரு காலத்தில் காற்றில் நின்றது, அதன் மேல் மழை பெய்தது, அதன் பட்டையை யாராவது தொட்டிருக்கவும் கூடும். வேறு யார் செதுக்கினாலும், அதே வளையத்தைத் தேர்ந்தால், அதே கன்றுதான் வரும். உருவத்தைத் தீர்மானிக்கும் உரிமையைச் சிற்பி முழுவதுமாகக் கைவிட்டுவிடுகிறார். அவர் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு முடிவு: எந்த ஆண்டு? படைப்பூக்கம் என்று நாம் பெரிதாகப் பேசுவதெல்லாம் இத்தனை சிறிய ஒரு தேர்வுக்குள் சுருங்கிவிட, மற்றது அனைத்தும் கவனமாகப் படிப்பது என்று ஆகிவிடுகிறது. என்னைப் போல, வெற்றுக் கட்டையின் முன் உட்கார்ந்து ‘இதில் என்ன செய்வது’ என்று விழித்தே நாளைக் கழிக்கிறவனுக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது.

ஒரே ஆண்டைக் கட்டையின் இரு முனைகளிலும் கண்டுபிடிப்பது தோன்றுகிற அளவுக்கு எளிதன்று. மரத்தின் வளர்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்த கடலைப் பொட்டலக் கூம்புகளின் அடுக்கு. ஒவ்வோர் ஆண்டும் புதுக் கூம்பு ஒன்று பழையதை முழுவதுமாக மூடி, உச்சியில் கொஞ்சம் உயர்ந்தும் நிற்கிறது. கீழ்முனையில் மையத்திலிருந்து ஒன்பதாவதாக இருக்கும் வளையம் மேல்முனையிலும் ஒன்பதாவதாக இருக்காது. மேல்முனை அந்த உயரத்தை எட்டியதே சில ஆண்டுகள் கழித்துத்தான். அந்தச் சில ஆண்டுகள் எத்தனை என்று தெரிந்தால்தான் உளியைத் தொடலாம். இங்கேதான் பைன் உதவுகிறது. பல பைன் இனங்களில் ஆண்டுக்கு ஒருமுறை, உச்சி மொட்டு நீளும்போது, தண்டைச் சுற்றி ஒரே மட்டத்தில் நாலைந்து கிளைகள் கிளம்பும். ஒரு கிளை வட்டத்துக்கும் அடுத்த வட்டத்துக்கும் இடைப்பட்ட தூரம் மரம் ஓராண்டில் வளர்ந்த உயரம். என் கட்டையில் கணுக்கள் மூன்று இடங்களில் கூட்டம் கூட்டமாக நின்றன. ஆகவே கீழே ஒன்பதாவது வளையத்தைத் தேர்ந்தால் மேலே ஆறாவது வளையம்.

எது கீழ், எது மேல் என்பதையும் கட்டைதான் சொல்ல வேண்டும். கிளை மையத்திலிருந்து மேல்நோக்கிச் சாய்ந்து புறப்படுவதால், ஒரு முகத்தை இழைத்துக் கணுவின் நீளவெட்டைப் பார்த்தால் அதன் சாய்வு திசையைக் காட்டிவிடும். முகத்தின் நடுவே கோபுர வடிவில் ஓடும் ரேகைகளின் கூர்முனையும் பெரும்பாலும் உச்சியை நோக்கியே இருக்கும். அது அந்தக் கூம்புகளை வாள் சீவிய அடையாளம். மையப்புள்ளி ஒரு பக்கமாக ஒதுங்கி, எதிர்ப்பக்கத்து வளையங்கள் மட்டும் அகலமாக இருந்தால், அந்த மரம் சரிவிலோ காற்றிலோ சாய்ந்து நின்றது என்று பொருள். ஊசியிலை மரங்கள் சாய்வின் அடிப்பக்கத்தைத் தடிக்க வைத்துத் தம்மை நிமிர்த்தப் பார்க்கும். என் கட்டை சற்றே சாய்ந்து வளர்ந்த மரம். இதையெல்லாம் அறிய ஆய்வகம் எதுவும் வேண்டியதில்லை. கூர்மையான இழைப்புளி ஒன்றும், வெட்டுமுகத்தைத் துடைத்து நனைக்க ஈரத்துணியும், பொறுமையும் போதும். ஒன்று மட்டும் கட்டையிலிருந்து கிடைக்காது: ஒன்பது வளையம் என்பது அந்த உயரத்தின் வயதுதான், மரத்தின் வயது அன்று. தரையிலிருந்து அந்த உயரத்துக்கு ஏற எடுத்த ஆண்டுகள், யாரோ அறுத்துக்கொண்ட அடிமரத்தோடு போய்விட்டன.

செதுக்கும் வேலை முதலில் வேகமாக நடந்தது. மூலைகளில் இருக்கும் மரம் முழுவதும் வெளி வளையங்கள். அதைப் பட்டை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு நாரோட்டத்தோடு பிளந்தே எடுத்துவிடலாம். பைனில் ஆண்டு வளையம் இரண்டு அடுக்கு. பருவத்தின் தொடக்கத்தில் வேகமாக வளர்ந்த வெளிறிய மென்மரம் ஒன்று. பருவ முடிவில் மெதுவாக வளர்ந்த, கறுத்து அடர்ந்த கோடு மற்றொன்று. மென்மரம் உளிக்கு வெண்ணெயாக வழிவிடும், அடர்கோட்டில் உளி சற்றே நின்று தயங்கும். அந்தத் தயக்கத்தைக் கை பழகிக்கொண்டுவிட்டால், கண்ணை விடக் கையே வளையத்தைப் பின்தொடரத் தொடங்குகிறது. தேர்ந்த ஆண்டின் அடர்கோட்டில் போய் நின்றுகொள்ள வேண்டும். அதைத் துளைத்துவிட்டால் ஓராண்டு தள்ளிப்போய்விடும்.

கணுவை நெருங்கும்போதுதான் வேலையின் குணம் மாறுகிறது. கணுவைச் சுற்றி நார்கள் வளைந்து ஒதுங்கி ஓடும்; ஒரு பக்கம் உளி வழுக்கிக்கொண்டு போக, மறுபக்கம் அதே உளி நாரை எதிர்த்துப் பிய்க்கும். கணுவின் மரமோ தண்டின் மரத்தைவிடப் பலமடங்கு கடினம். இங்கே பெரிய உளிகளை வைத்துவிட்டு, குழிந்த வாயுள்ள சிற்றுளியால் கொறித்துக்கொண்டேதான் போக முடியும். வெளியே கட்டை விரல் தடிமனில் தெரிந்த கணு, உள்ளே இறங்க இறங்கச் சுருங்கிச் சுண்டுவிரலாகி, ஆறாவது ஏழாவது வளையத்தை ஒட்டி ஒரு குச்சியளவுக்கு வந்து நின்றது. கிளையின் இளமையும் தண்டின் இளமையும் ஒரே வேகத்தில் திரும்பி வருவதைக் கையால் உணர்வது, இதில் கிடைக்கும் மகிழ்ச்சிகளிலேயே உயர்ந்தது என்று சொல்வேன். எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் வயதான ஆசாரி ஒருவர், போகிற வழியில் நின்று பார்த்துவிட்டு, “ஏனுங்க, கணுவச் சீவி மட்டம் பண்றதுக்குத்தான நாங்க இத்தன வருசமா கூலி வாங்கறோம். நீங்க கணுவ உட்டுப்போட்டு மரத்தச் சீவறீங்களே?” என்று கேட்டார். கேலியாகச் சொன்னதுதான். பெனோனே செய்ததை இதைவிடச் சுருக்கமாக எந்தக் கலை விமர்சகரும் சொல்லி நான் படித்ததில்லை.

சாதாரணக் கட்டையைச் செதுக்காமலே விட்டுவிடுவது இன்னொரு வழி. அமெரிக்கச் சிற்பி கார்ல் ஆந்த்ரே 1959 வாக்கில், ஓவியர் பிராங்க் ஸ்டெல்லாவின் பட்டறையில் இடம் கேட்டு, பழைய கட்டட உத்தரங்களைச் செதுக்கிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா ஒருநாள் அந்த உத்தரத்தின் செதுக்காத பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, இதுவும் சிற்பம்தான் என்று சொன்னதாகவும், அதன் பிறகு மரத்துக்குள் வெட்டுவதைவிட மரத்தையே இடத்துக்குள் வைப்பது மேல் என்ற முடிவுக்கு ஆந்த்ரே வந்ததாகவும் ஒரு செய்தி கலை வரலாற்றில் வழங்குகிறது. பிறகு அவர் ஆணியோ பசையோ இல்லாமல் ஒரே அளவுக் கட்டைகளை அடுக்கி மட்டுமே வைத்தார். இந்த வழியின் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் அங்கே கட்டை வெறும் அலகு. செங்கல்லை வைத்தாலும் அதே வேலை நடந்துவிடும். ஆந்த்ரே பின்னாளில் செங்கல்லையும் வைத்தார்.

கையில் கிடைத்த மரத்தின் குறையையே வடிவத்தின் தொடக்கமாகக் கொண்டவர்களில் நமக்கு அருகே வந்துபோனவர் ஜார்ஜ் நகாஷிமா. 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, கட்டடக்கலை படித்து, டோக்கியோவில் கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்தவர். அந்த அலுவலகம் அரவிந்தர் ஆசிரமத்துக்காகப் புதுச்சேரியில் கட்டிய ‘கோல்கொண்டே’ விடுதியின் வேலையைப் பார்த்துக்கொள்ள 1937இல் வந்து, 1939 வரை அங்கேயே ஆசிரமவாசியாகத் தங்கினார். சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். அந்த விடுதியின் தேக்கு அறைகலன்களை வடிவமைத்தவரும் அவரே. ஆனால் அவரைத் தச்சராக மாற்றியது புதுச்சேரியின் தேக்கு அன்று. 1942இல் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது, மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அவர் கொண்டுபோகப்பட்டார். பாலைவெளியில் அவசரமாக எழுப்பப்பட்ட கொட்டகைகளின் மிச்சக் கட்டைகளும், அந்த நிலத்துப் புதர்களின் முறுக்கிய தண்டுகளுமே அங்கு கிடைத்தன. ஜப்பானிய மரபில் தச்சு பயின்ற கென்தாரோ ஹிகோகாவா அதே முகாமில் இருந்தார். அவரிடம் நகாஷிமா கைவேலையின் நுணுக்கங்களைக் கற்றார். 1943இல் ரேமண்டின் முயற்சியால் விடுவிக்கப்பட்டு பென்சில்வேனியாவில் பட்டறை அமைத்த பிறகு, பலகையின் வெடிப்பை அடைக்காமல் அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்புகளை எல்லோரும் பார்க்கும்படி பதித்தது அவருடைய கையெழுத்தாகிவிட்டது. இன்று அவர் பாணி மேசைகள் பெரும் பணக்காரர்களின் வீட்டில் கிடக்கின்றன என்பதும், வெடிப்பே இல்லாத பலகையில் வெறும் அழகுக்காக அந்த ஆப்பைப் பதித்து விற்கிறார்கள் என்பதும் வேறு விஷயம்.

பெனோனேவுக்கும் இப்படி ஒரு வளர்ச்சி நேர்ந்தது. 1999 டிசம்பர் இறுதியில் பிரான்ஸைத் தாக்கிய புயலில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தின் ஏறக்குறைய 10,000 மரங்கள் விழுந்தன. விழுந்த செடார் மரம் ஒன்றை வாங்கி, அதன் பருத்த அடிமரத்தில் சாளரம்போல் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து, உள்ளே நிற்கும் இளஞ்செடாரை வெளிக்காட்டினார். 2000 முதல் 2003 வரை செய்த அந்த ‘வெர்சாய் செடார்’ இப்போது டொராண்டோவின் ஆர்ட் கேலரி ஆஃப் ஒன்டாரியோவில் இருக்கிறது. பார்வையாளர்கள் அதன் முன் வெகுநேரம் நிற்கக்கூடும். மரத்தின் பருமனும் அரண்மனையின் பெயரும் அப்படிப்பட்டவை. என் வாக்கு 1969இன் உத்தரத்துக்குத்தான். செடார் அடிமரம் பட்டையோடு நிற்கிறது. அது மரம் என்பதை யாரும் மறக்கவில்லை. உள்ளே இன்னொரு மரம் இருப்பது வியப்புத்தான், ஆனால் சொன்னால் நம்பக்கூடிய வியப்பு. மில்லில் அறுத்து, சதுரித்து, கன அடிக் கணக்கில் விலை எழுதி அடுக்கிய உத்தரம் தான் மரம் என்பதையே இழந்துவிட்ட பொருள். அதிலிருந்து கிளையோடு ஒரு கன்று எழுந்து வரும்போது ஏற்படும் திடுக்கிடலை அரண்மனைத் தோட்டத்து மரத்தால் தர முடியாது.

நம் ஊர் மரங்களில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்டுக்கொண்டு கொஞ்சம் அலைந்தேன். தேக்கில் முடியும், பருவத் தொடக்கத்துப் பெருந்துளைகள் ஒரு வரிசையாக நின்று வளையத்தைத் தெளிவாக வரைந்து வைக்கும், தென்னிந்தியத் தேக்கின் வளையங்களைக் கொண்டு பழைய பருவமழைகளை ஆராய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தேக்குக் கிளைகள் பைனைப் போல ஆண்டுக்கு ஒரு வட்டமாக வருவதில்லை. இரு முனைகளின் கணக்கை ஒப்பிட வழி தெரியாது. மாவிலும் வேம்பிலும் வெட்டுமுகத்தில் பட்டைகள் தெரிந்தாலும், அவை ஆண்டுக்கு ஒன்றா என்பதை நம்ப முடியாது. பனியும் உறக்கமும் இல்லாத நிலத்தில் மரத்துக்கு ஆண்டைக் குறித்துவைக்கும் அவசியம் இல்லை. அத்தகைய மரத்தில் வெளிறிய புறமரமான வெள்ளையை நீக்கி, உள்ளே கறுத்து இறுகிய வைரத்தின் எல்லையைப் பின்தொடரலாம் என்று ஒரு யோசனை உண்டு. பூவரசில் அந்த எல்லை மிகத் தெளிவு. ஆனால் வைரத்தின் எல்லை எந்த ஓர் ஆண்டின் மேல்தோலாகவும் இருந்ததில்லை. ஆகவே அப்படிச் செதுக்கினால் வருவது அழகான ஓர் உருவமாக இருக்கலாமே தவிர, ஒருநாள் உண்மையில் நின்ற கன்றாக இருக்காது.

பனையில் சிக்கலே வேறு. தொல்காப்பிய மரபியல், “புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப” என்று வகுத்துவிட்டது. உள்ளே வைரம் பாய்ந்தது மரம். புறத்தே வைரம் கொண்ட பனையும் தெங்கும் மூங்கிலும் புல். பெனோனேவின் முறை முழுக்க முழுக்க அகக்காழ் உலகத்துக்கு உரியது. பனைக்கு ஆண்டு வளையம் கிடையாது, தண்டு ஆண்டுதோறும் பருப்பதும் கிடையாது. முதலில் அடியின் பருமனை அமைத்துக்கொண்டு, பிறகு உயர மட்டுமே செய்கிறது. முதிர்ந்த பனைக்குள் இளம்பனை இல்லை. உள்ளே செதுக்கிக்கொண்டு போனால் கிடைப்பது சோறு எனப்படும் மென்மையான உட்பகுதி மட்டுமே. பனையின் சிறுவயது அதன் காலடியில் இருக்கிறது, முதுமை உச்சியில்; இடைப்பட்ட காலம் முழுவதும் ஓலை உதிர்ந்த தழும்புகளாக வெளியிலேயே அடுக்கப்பட்டிருக்கிறது. பனங்கை எடுக்கிறவர்கள் தண்டைப் பிளந்து, உட்சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, புறத்தின் வைரத்தை மட்டும் சட்டமாக வைத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்த இடத்தில் அப்படிப்பட்ட பனங்கை ஒன்று இப்போது கிடைத்திருக்கிறது. பெட்டிக் கட்டையைப் போல இதில் ஆண்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. தேர்ந்தெடுக்கக் கூடியது உயரத்தை மட்டும். அதற்கும் முன்னால் எந்த முனை அடி, எந்த முனை நுனி என்று தெரிய வேண்டும். அடிக்கும் நுனிக்கும் கருநார்களின் நெருக்கம் வேறுபடும் என்பதால், இரு முனைகளையும் அரை அங்குலம் அறுத்து, இழைத்து, நனைத்து, ஒரு சதுர அங்குலத்துக்குள் நிற்கும் கருநார்ப் புள்ளிகளை எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.